ஒட்டகங்களுக்காக மனு போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

‘தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது என்பதற்காக ஆஸ்திரேலியாவில் பத்தாயிரம் ஒட்டகங்களைச் சுட்டுக் கொல்கிறார்கள், தடுத்து நிறுத்தக் கையெழுத்துப் போடுங்கள்’ என்ற அந்தச் செய்தி மறுபடி கிளம்பி, கல்லூரிக் குழு, சொந்தக்காரர்கள் குழு, கோயில் திருப்பணிக் குழு என்று எல்லா வாசல் வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வேலை பார்ப்பதால், ‘நீங்க அங்கதானே இருக்கீங்க, ஏதாவது பண்ணுங்க’ என்று ஒரு வரியும் தவறாமல் கூடவே வருகிறது. சரி, பண்ணுகிறேன். தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, அதனால் எல்லாருக்குமாக இந்த மடல்.

அது 2020 ஜனவரியில் நடந்த விஷயம். இன்றைக்குக் காலையில் நடந்தது போல ஓடிக்கொண்டிருக்கிறது. கூட வரும் படத்தைப் பாருங்கள், அந்த ஒட்டகத்தின் மூக்கில் கயிறு, கழுத்தில் மணி, குஞ்சம் எல்லாம் இருக்கின்றன. வனாந்தரத்தில் திரிகிற ஒட்டகத்துக்கு யார் போய்க் குஞ்சம் கட்டிவிட்டார்கள்? படம் கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஏ.பி.ஒய். நிலங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அனங்கு பழங்குடி மக்களின் நிலம், 1981ல் சட்டம் போட்டு அவர்கள் பெயருக்கே உரிமை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பரப்பில் முக்கால் தமிழ்நாட்டுக்கு மேல் வரும், மொத்த சனமோ 2,300 பேர் சுமாருக்கு. 2019 கடைசியில் வறட்சி முற்றி, வெளியே இருந்த தண்ணீரெல்லாம் வற்றியதும் ஒட்டகங்கள் கூட்டம் கூட்டமாக ஊர்களுக்குள் வந்தன. வேலியைச் சாய்த்தன, குழாயைப் பெயர்த்தன, ஏசிப் பெட்டியில் கசிகிற தண்ணீருக்காக வீட்டுச் சுவரோடு முட்டிக்கொண்டு நின்றன. தாகத்தில் வெறிபிடித்து வாசலில் நிற்கும் அரை டன் விலங்கைத் தாண்டிக் குழந்தைகள் எப்படி வெளியே போவார்கள்? அந்த நிலத்தின் நிர்வாகக் குழு, அதாவது அனங்கு மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த குழு, ஹெலிகாப்டரிலிருந்து சுடுவது என்று முடிவெடுத்தது. ஜனவரி 8ல் தொடங்கி ஐந்து நாள். பத்தாயிரம் வரை சுடலாம் என்பது வரம்பு, சுடப்பட்டது ஐயாயிரத்துச் சொச்சம். அதே நேரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தென்கிழக்கில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்ததால், தீயணைக்கத் தண்ணீர் மிச்சம் பிடிப்பதற்காக ஒட்டகத்தைக் கொல்கிறார்கள் என்று இரண்டும் ஒன்றாகக் கலந்து நம் ஊருக்கு வந்து இறங்கியது.

மனுவில் ‘வெள்ளைக்கார அரசின் கொடூரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டுமாவது தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வீட்டு வாசலில் ஒட்டகம் நின்றது பழங்குடிகளின் வீட்டில், முடிவெடுத்தவர்களும் அவர்கள்தான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்துகொண்டு, அவர்கள் நிலத்தில் அவர்கள் என்ன செய்யக்கூடாது என்று நாம் சொல்வதுதான் பழைய வெள்ளைக்காரப் பழக்கம்.

ஒட்டகத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை, அதில் உங்கள் பக்கம்தான் நான். அது தானாக இங்கே வரவில்லை. 1840ல் கேனரித் தீவுகளிலிருந்து வந்த கப்பலிலிருந்து உயிரோடு இறங்கியது ஒன்றே ஒன்று, அதற்கு ஹாரி என்று பெயர். ஆறு வருஷம் கழித்து ஜான் ஹாராக்ஸ் என்ற பயணி அதை ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார். அவர் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ஹாரி ஒரு ஆட்டம் ஆட, துப்பாக்கி வெடித்து அவருக்கு விரல் போயிற்று, பல் போயிற்று, சில வாரத்தில் உயிரும் போயிற்று. சாவதற்கு முன் அதைச் சுடச் சொல்லிவிட்டுத்தான் செத்தார். ஆக இந்தக் கண்டத்தில் ஒட்டகத்தைச் சுடும் வேலை முதல் ஒட்டகத்திலிருந்தே தொடங்கிவிட்டது.

அப்புறம் 1860ல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் என்பவர்களின் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள். அதிலிருந்து 1907 வரைக்கும் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை வந்திருக்கும் என்கிறார்கள், பெரும்பாலும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து. கூட வந்த ஓட்டிகள் பலூச்சிகள், சிந்திகள், பஞ்சாபிகள், பட்டாணியர்கள், ராஜஸ்தானத்துக்காரர்கள். இங்கே எல்லாருக்கும் ஒரே பெயர், ‘ஆப்கன்’. இன்றைக்கு அடிலெய்டிலிருந்து டார்வினுக்கு ஓடும் ‘கான்’ ரயில் அந்தப் பெயரின் வால்தான். கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி இழுத்தது, தங்க வயலுக்குத் தண்ணீர் சுமந்தது, கம்பளி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தது எல்லாம் இந்த ஒட்டகங்களும் இந்த ஆட்களும். வேலை வாங்கிக்கொண்டு குடியுரிமை மட்டும் கிடையாது என்றார்கள். 1920களில் லாரி வந்ததும் ஒட்டகத்துக்கும் மதிப்பில்லை, 1925ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒட்டக ஒழிப்புச் சட்டம் என்றே ஒன்று வந்தது. வருஷக்கணக்காகக் கூடவே நடந்த மிருகத்தைச் சுட மனம் வராமல் நிறைய ஓட்டிகள் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அந்த இரக்கத்தின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு வெளியே திரிகின்றன.

ஒட்டகத்தோடு இன்னொன்றும் வந்தது, கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். நம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் காங்கேயம் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல், அதேதான், ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்த வைக்கோலோடு விதையாக இங்கே வந்திறங்கியது என்று சொல்கிறார்கள். பிறகு மாட்டுக்குத் தீவனம், புழுதிக்குத் தடுப்பு என்று ஆட்களே தூவிவிட்டார்கள். இன்று ஆற்றுப் படுகை முழுக்க அதுதான். கோடையில் காய்ந்து தீப்பிடித்தால் தீயையே அறியாத மரமெல்லாம் சேர்த்து எரிகிறது. எங்கள் பாட்டி காலத்தில் பொன்னாகப் பார்த்த புல்லை இங்கே ஆட்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பிடுங்குவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும், ‘பாலைவனத்துப் பிராணிதானே, பாலைவனத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மனுவில் உள்ளதிலேயே நியாயமான கேள்வி அதுதான். பாலைவனம் என்றால் எல்லாம் ஒரே மணல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ராஜஸ்தானின் மரங்கள் ஒட்டகத்தோடும் ஆட்டோடும் சேர்ந்தே வளர்ந்தவை, முள்ளும் உண்டு, கடித்தால் மறுபடி துளிர்க்கும் திராணியும் உண்டு. இந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக அந்த உயரத்தில் மேய்கிற விலங்கே கிடையாது. இங்கே கிடைக்கிற செடிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வகையை ஒட்டகம் தின்னும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆசையோடு தின்னாது. குவாண்டாங் என்று ஒரு மரம், நம் சந்தனத்தின் நெருங்கிய சொந்தம், சிவப்பாகப் பழம் காய்க்கும், அனங்கு மக்களுக்குத் தின்பண்டமும் அதுதான், மருந்தும் அதுதான். ஒட்டகத்துக்கு அது லட்டு. அதேபோல இங்குள்ள ‘பீன் ட்ரீ’, நம் கல்யாண முருங்கையின் தங்கச்சி முறை, அதே சிவப்புப் பூ. ஒட்டகம் நடமாடும் இடத்தில் இந்த இரண்டையும் பார்த்தீர்கள் என்றால், ஆள் கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம் வரை வெறும் குச்சி, அதற்கு மேலே குடை மாதிரி கொஞ்சம் இலை. கிழ மரம் எப்படியோ பிழைத்துக் கிடக்கும். கீழே சுற்றிச் சுற்றித் தேடினாலும் ஒரு கன்று இருக்காது, முளைத்ததையெல்லாம் மென்றாகிவிட்டது. இருக்கிற கிழடுகள் சாய்ந்தால் அந்த இடத்தில் அந்த மரம் முடிந்தது.

மரத்தை விடப் பெரிய சங்கடம் சுனை. இங்கே நம் ஊர் மலைகளில் இருப்பது போலவே பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தங்கும். ஆறோ ஏரியோ இல்லாத ஊரில் அதுதான் எல்லாம், வாலபி என்ற சின்னக் கங்காரு, டிங்கோ நாய், குருவிகள் என்று எத்தனையோ உயிர்கள் அந்தச் சின்னக் குழியை நம்பி இருக்கின்றன. பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக அதைத் தூர் வாரி, தழை போட்டோ கல் வைத்தோ மூடிப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு, பாட்டு உண்டு. தாகமாக வரும் ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். கூட்டமாக வந்தால் ஒரு காலைப் பொழுதில் சுனை காலி. தண்ணீர் கீழே போகப் போகக் கழுத்தை நீட்டி, முன்னங்காலை மடக்கி, கடைசியில் வழுக்கி உள்ளே விழுவதும் உண்டு, ஏறி வர முடியாது.

தங்கள் நிலத்தைக் காத்துப் பராமரிக்கிற பழங்குடி ரேஞ்சர்களோடு ஒரு முறை அப்படி ஒரு சுனைக்குப் போயிருந்தேன். கூட வந்த வயதான அம்மா வண்டியை விட்டே இறங்கவில்லை, அவர் சின்ன வயதில் தண்ணீர் குடித்த இடம் அது. பாறைக்கு மேலே ஏறுவதற்குள்ளேயே நாற்றம் வந்துவிட்டது. தண்ணீர் கறுப்பும் பச்சையுமாகக் கஞ்சிப் பதத்தில் இருந்தது, மேலே முடி மிதந்தது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த விலா எலும்பின் மேல் குட்டிக் குட்டிக் குருவிகள் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. குடிக்க இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. டொயோட்டாவில் கயிறு கட்டி இழுத்தபோது ஒட்டகம் முழுதாக வரவில்லை. மிச்சத்தை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார்கள். அடுத்த மழை வந்து கழுவி நிரம்பினால்தான் அது மறுபடி சுனை, இந்த ஊரில் அடுத்த மழை என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது.

ஒட்டகத்துக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பாதம் மெத்து மெத்தென்று இருக்கும், மாடும் குதிரையும் குளம்பால் மண்ணைக் கிளறி நாசம் பண்ணுகிற அளவு ஒட்டகம் பண்ணுவதில்லை. இந்தக் கண்டத்தின் உள்நாட்டை அதிகம் மேய்ந்து தீர்த்தது மாடுதான், ஆனால் மாட்டுக்கு முதலாளி உண்டு, விலை உண்டு, அதனால் அதன் பக்கம் துப்பாக்கி திரும்புவதில்லை. இதைக் கேட்டு ஒரு மனு போடுங்கள், என் கையெழுத்து முதல் ஆளாக இருக்கும்.

இப்போது நீங்கள் சொல்லும் மாற்று வழிகள். ‘கருத்தடை ஊசி போடலாமே.’ ஒட்டகம் பரவியிருக்கும் பரப்பு 33 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட மொத்த இந்தியா. அதில் பாதிக்கு மேல் சாலையே இல்லை. நம் ஊரில் தெருநாய்க்கே ஊசி போட்டு முடிக்க முடியாமல் தவிக்கிறோம். ‘இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பலாமே, ராஜஸ்தானில் ஒட்டகம் அழிகிறதே’ என்று ஒரு அண்ணன் ரொம்ப உருக்கமாக எழுதியிருந்தார். அழிகிறது என்பது சரிதான். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 4 லட்சம் இருந்தது 2019ல் இரண்டரை லட்சமாகிவிட்டது. ஆனால் அங்கே ஒட்டகம் குறைவதற்குக் காரணம் ஒட்டகம் கிடைக்காமல் இல்லையே. மேய்ச்சல் நிலம் போயிற்று, வண்டி வந்தது, ஒட்டகம் வளர்த்த ரைக்கா மக்களுக்கு அதில் பிழைப்பு இல்லை. இருக்கிற ஒட்டகத்துக்கே அங்கே சோறில்லாதபோது கப்பல் நிறைய இறக்கி என்ன செய்வது?

‘கறிக்கு அனுப்பலாம், பாலுக்குப் பிடிக்கலாம்.’ இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒட்டகக் கறி ஏற்றுமதி ஆகிறது, ஒட்டகப் பால் பண்ணைகளும் இருக்கின்றன, வெளியில் திரிந்த ஒட்டகங்களையே பிடித்துப் பழக்கிய பண்ணைகள் உண்டு. சாலைக்கும் பட்டிக்கும் பக்கத்தில் இருக்கும் ஒட்டகத்துக்கு இது ஆகும். தார் காணாத ரோட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்பதைப் பிடித்து, மனித வாடையே அறியாத அந்தப் பிராணியை லாரியில் ஏற்றி, மண் ரோட்டில் குலுக்கிக் கூட்டிப் போவது நாம் நினைப்பது போலக் கருணையான வேலையும் இல்லை, கணக்குப் பார்த்தால் கட்டுப்படியும் ஆவதில்லை.

‘எதுவும் செய்யாமல் விட்டுவிடலாம், இயற்கை பார்த்துக்கொள்ளும்.’ பார்த்துக்கொள்ளும், எப்படி என்பதையும் சொல்கிறேன். 2019 ஜனவரியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தென்கிழக்கே சான்டா தெரசா பக்கத்தில் பகல் வெயில் நாள் கணக்கில் 42 டிகிரிக்குக் கீழே இறங்காமல் அடித்தபோது, எப்போதும் தண்ணீர் இருக்கும் ஒரு மடு வற்றிவிட்டது. காட்டுக் குதிரைகள் அங்கே தண்ணீர் இருந்த ஞாபகத்தில் வந்து, போக்கிடம் தெரியாமல் அங்கேயே நின்று, சுமார் 40 குதிரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து செத்துக் கிடந்தன. உயிர் இழுத்துக்கொண்டிருந்தவற்றைப் பிறகு சுட வேண்டியிருந்தது. ஒட்டகமும் அப்படித்தான் சாகும், கொஞ்சம் கூடத் தாங்கும் என்பதால் இன்னும் மெதுவாக. ஹெலிகாப்டரிலிருந்து சுடுவது அழகான காட்சி என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை அந்த நொடியே சாகின்றன, எல்லாமே அப்படிச் சாவதில்லை. ஆனால் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொல்லி வருஷா வருஷம் பதிவு போடுகிற அதே கைகள் ஒட்டகம் என்றதும் ‘ஒன்றையும் தொடாதே’ என்று எழுதும்போது, மரத்துக்கு வலிக்காது, மிருகத்துக்கு வலிக்கும் என்ற ஒரே வித்தியாசத்தைத்தான் சொல்ல முடியும். அது நியாயமான வித்தியாசம். எப்படிக் கொல்வது என்பதை அது தீர்மானிக்க வேண்டும். வந்தேறியாக வந்து பெருகினது பெருகட்டும் என்று விட்டுவிட அது காரணம் ஆகாது.

உங்கள் கோபத்தை நான் தணிக்கப் பார்க்கவில்லை. அது போக வேண்டிய முகவரி வேறு, அவ்வளவுதான். 2008 வாக்கில் பத்து லட்சம் ஒட்டகம் இருக்கிறது, ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்று சொன்னார்கள் (பத்து லட்சம் என்பது கூட்டிச் சொன்ன கணக்கு என்று பிறகு அவர்களே திருத்தினார்கள்). 2009ல் டாக்கர் ரிவர் என்ற 350 பேர் ஊருக்குள் ஆறாயிரம் ஒட்டகம் புகுந்து குடிநீர்க் குழாயை உடைத்துப் போட்ட செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. அதே வருஷம் மத்திய அரசும் விழித்துக்கொண்டு 1 கோடியே 90 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2013 வரை அந்தத் திட்டம் ஓடியது, சுமார் 1,60,000 ஒட்டகங்கள் குறைக்கப்பட்டன, மூன்று லட்சம் வாக்கில் மிச்சம் என்றார்கள். அந்த நாலு வருஷமும் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது என்பது என் எண்ணம். சுனைகளுக்கு வேலி போட்டார்கள், விற்க முடிந்ததை விற்றார்கள், கழுத்தில் சாட்டிலைட் பட்டை கட்டிய ஒரு ஒட்டகத்தை விட்டு அது போய்ச் சேரும் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள் (அந்த ஒட்டகத்துக்கு ‘யூதாஸ்’ என்று பெயர், காட்டிக்கொடுக்கிற வேலை), தனியாகக் கால்நடை மருத்துவர்களை வைத்துச் சுடுகிறவர்களின் வேலையையே சோதித்தார்கள்.

அப்புறம் பணம் தீர்ந்தது, கடையைக் கட்டினார்கள். ஒன்பது வருஷத்தில் இரட்டிக்கும் மிருகத்தின் விஷயத்தில் நாலு வருஷம் வேலை செய்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஐந்தாம் வகுப்பு போதும். கூட்டம் பெருகும் வரை சும்மா இருந்து, வறட்சி வந்து அவை ஊருக்குள் நுழைந்து டிவியில் வந்த பிறகு அவசரமாக ஹெலிகாப்டர் ஏற்றினால், அப்போது அதிகம் சுட வேண்டியிருக்கும், தாகத்தில் ஏற்கெனவே பாதி செத்த மிருகத்தைச் சுட வேண்டியிருக்கும், கறியாகவும் பாலாகவும் பயன்படுத்த நேரமே இருக்காது. வருஷா வருஷம் கொஞ்சம் என்று சத்தமில்லாமல் நடந்திருந்தால் 2020ல் அந்த ஐயாயிரத்தில் எத்தனையோ பிறந்தே இருக்காது. எனக்குக் கோபம் வரும் இடம் இது.

பழங்குடிகள் எல்லாரும் ஒரே குரலில் ‘சுடு’ என்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அனங்கு பெரியவர்களில் பலர் 1930களிலிருந்து ஒட்டகத்தின் மேல் குடும்பத்தோடு பயணம் போனவர்களின் பிள்ளைகள். பைபிளில் வரும் மிருகம், ஏசு பிறந்தபோது ஞானிகளைச் சுமந்து வந்தது, அதைக் கொல்லக் கூடாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சுட்டு அப்படியே அழுகவிடுவது பாவம், கறியையாவது எடுக்க வேண்டும் என்பவர்கள் அதைவிட அதிகம். இந்தச் சண்டை அவர்களுக்குள் கூட்டம் போட்டு நடக்கிறது, சத்தமாகவே நடக்கிறது. சில இடங்களில் சுட அனுமதி கொடுக்கிறார்கள், சில இடங்களில் வேலி மட்டும் போதும் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் மனுவுக்கு நாற்காலி கிடையாது, இருக்கவும் கூடாது.

அதனால் மனுவைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, மாற்றி எழுதுங்கள். ‘கொல்லாதே’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, ஒட்டகக் கண்காணிப்புக்கு வருஷா வருஷம் நிற்காத நிதி வேண்டும் என்று கேளுங்கள். பழங்குடி ரேஞ்சர்களுக்குச் சம்பளம் சில வருஷ ஒப்பந்தம் என்று இழுக்காமல் நிரந்தரமாக வேண்டும், சுனைகளுக்கு வேலியும் அதைப் பழுது பார்க்க ஆளும் வேண்டும் (ஒட்டகம் சாய்த்த வேலியைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லையென்றால் அது வேலியே இல்லை), சாலைக்குப் பக்கத்தில் இருப்பவற்றைக் கறிக்கும் பாலுக்கும் எடுக்க உதவி வேண்டும், துப்பாக்கியைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் தனி மருத்துவர்கள் உடனிருந்து அறிக்கை தர வேண்டும், அந்த அறிக்கை வெளியே வர வேண்டும். இப்படி எழுதினால் இங்கே அதைப் படிக்கவாவது செய்வார்கள். ‘பாவிகளே’ என்று தொடங்கும் மனுவை யாரும் இரண்டாம் வரி வரை படிப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. மத்திய பட்ஜெட் வழக்கமாக மே மாதம் வரும், அதற்கு முன்பே எதற்குப் பணம் ஒதுக்கலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள், அதை அனுப்பச் சங்கமோ லெட்டர்பேடோ தேவையில்லை. மெல்போர்னிலும் சிட்னியிலும் உட்கார்ந்துகொண்டு அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள். ஆங்கில வரைவு ஒன்று தயார் பண்ணி வைத்திருக்கிறேன், வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். திருத்தம் இருந்தாலும் சொல்லுங்கள், முக்கியமாக அந்த நிதிப் பகுதியில். கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது ஒரு பார்வை பார்த்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உங்களில் ஒருவன்